இரண்டே கால் மீட்டர்

அக்கா துணியின் மேல் விரலை வைத்துக்கொண்டு நின்றாள். நான் துணிக்கடை மேஜைக்குப் பின்னால் கத்திரியை விரித்துக்கொண்டு நின்றேன். அவளுக்குப் பின்னால் இன்னும் நான்கு பேர் நின்றார்கள். எத்தனை மீட்டர் என்று இரண்டு தடவை கேட்டாகிவிட்டது. வேறு யாராவது என்றால் ஓரமாக நின்று யோசித்துவிட்டு வாருங்கள் என்று அடுத்தவரைக் கூப்பிட்டிருப்பேன். ஆனால் இவள் இருபது வருடமாகத் தைக்கிறவள். வாசலில் ஆள் வந்து நின்றதுமே, அவர் செருப்பைக் கழற்றுவதற்குள், கவுனுக்கு இவ்வளவு, பாவாடைக்கு இவ்வளவு என்று சொல்லிவிடுவாள். டேப்பை எடுப்பதெல்லாம் வந்தவரின் திருப்திக்கு. அப்படிப்பட்டவள் சாதாரணப் போர்வை அடித்துணிக்கு அளவு சொல்ல முடியாமல் நின்றதைப் பார்க்க எனக்கே சங்கடமாக இருந்தது.

அவள் ஒரு போர்வை தைத்துக்கொண்டிருந்தாள். தைக்கும்போது விழுந்த துண்டுகளை வருடக்கணக்கில் சேர்த்து, ஆறு அங்குலச் சதுரங்களாக வெட்டி வைத்திருந்தாள். சதுரங்களை மூட்டினால் மேல்பக்கம். நடுவில் பஞ்சு. கீழே ஒரே நிறத்தில் அடித்துணி. மூன்றையும் சேர்த்து நூலோட்ட வேண்டும். அகலத்துக்கு ஒன்பது சதுரம் வைத்தால் அது ஒருவர் போர்த்துகிற போர்வை. பதின்மூன்று வைத்தால் இருவருக்கு. ஒருவருக்கென்றால் அடித்துணியைக் குறுக்காகப் போட்டு மூட்டிவிடலாம், மூன்றே கால் மீட்டர் போதும். இருவருக்கென்றால் நெடுக்காக இரண்டு நீளம் வேண்டும், நனைத்தால் சுருங்குவதையும் சேர்த்து ஐந்தரை. இந்தக் கணக்கு எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். இரண்டில் எது என்பதுதான் கேள்வி.

அக்காவின் புருஷன், மாமா, லாரி ஓட்டினார். மூன்று வருடத்துக்கு முன்னால் சரக்கோடு போனவர் திரும்பவில்லை. லாரி கிடைத்தது. சாலையோரத்தில் ஒழுங்காக நிறுத்தப்பட்டிருந்தது. சாவி அதன் இடத்தில் இருந்தது. சாப்பாட்டுப் பெட்டியைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தார். ஆள் மட்டும் இல்லை. வேறு குடும்பம் இருக்கும் என்றார்கள், ஆற்றில் விழுந்திருப்பார் என்றார்கள். ஆறு அங்கிருந்து நாற்பது கிலோமீட்டர். அக்கா ஒன்றும் சொல்லவில்லை. அவர் பக்கத்துத் தலையணை உறையை வாரம் ஒருமுறை மாற்றிக்கொண்டிருந்தாள்.

இப்போது அவள் இருந்த வாடகை வீட்டைக் காலி செய்ய வேண்டும். ஒன்றாம் தேதிக்குள் போயாக வேண்டும். புதிதாகப் பார்த்திருக்கும் இடம் ஓர் அறைதான். தையல் மெஷினையும் போட்டால் இரட்டைக் கட்டில் உள்ளே போகாது. தச்சர் வந்து பார்த்துவிட்டு, நல்ல மரம், விற்க வேண்டாம், நடுவில் அறுத்து ஒற்றைக் கட்டிலாக ஆக்கித் தருகிறேன் என்று சொல்லியிருந்தார். முதலில் போர்வை முடியட்டும், அப்புறம் சொல்கிறேன் என்றாள் அக்கா. போர்வைக்கும் ரம்பத்துக்கும் என்ன சம்பந்தம் என்று தச்சர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார். தெரியாது என்றேன். தெரியும்.

"அஞ்சரை" என்றாள்.

மேஜை விளிம்பில் பதித்த பித்தளைப் பட்டையில் ஒவ்வொரு மீட்டராக இழுத்து அளந்து, ஓரத்தில் ஒரு வெட்டு வைத்துக் கிழித்தேன். பருத்தித் துணியைக் கத்திரியால் முழுக்க வெட்ட மாட்டோம். நேராகக் கிழிந்துவிடும். அந்தச் சத்தத்துக்கு அக்கா எப்போதும் லேசாகக் கண்ணை மூடுவாள். அன்றும் மூடினாள்.

சாயங்காலம் போன் வந்தது. துணி குறைகிறது என்றாள். நனைத்தாயா என்று கேட்டேன். நனைக்கவே இல்லையாம். கடை அடைத்ததும் போய் நானே அளந்தேன். மூன்றே கால் இருந்தது.

ஒரு விரல், இரண்டு விரல் குறைந்தால் கை நழுவியது என்று சொல்லலாம். இரண்டே கால் மீட்டர் நழுவாது. ஆனாலும் தப்பு என்னுடையதுதான் என்று நினைத்தேன். பாட்டில் கம்பெனியில் ஆறு வருடம் இரவுப் பணி பார்த்து, முடியாமல் விட்டுவிட்டு இந்தக் கடைக்கு வந்தவன் நான். பகல் பதினொரு மணிக்கு என் உடம்பு இன்னும் தூங்கத்தான் பார்க்கும். நின்றுகொண்டே ஒரு நிமிடம் தூக்கத்துக்குள் போய்விட்டு வருவேன். அந்த ஒரு நிமிடத்தில் ஐந்தரை என்று சொல்லி மூன்றே கால் கிழித்திருக்கலாம். அக்காவும் அதைத்தான் சொன்னாள். ராக்கோழிக்குக் கத்திரி கொடுத்தால் இப்படித்தான் ஆகும் என்றாள்.

மறுநாள் அவளே வந்து அதே துணியில் இன்னொரு ஐந்தரை கேட்டாள். விஷயம் முதலாளி காதுக்குப் போயிருந்தது. அளவில் குறை என்று ஒரு பேச்சு வெளியே போனால் துணிக்கடை அவ்வளவுதான். அதனால் என்னைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு ஜாணை அளக்கச் சொன்னார். ஜாண் எங்கள் கடையின் மூத்த ஆள். ஆள் குள்ளம், அதனால் அந்தப் பெயர். அவரே அப்படித்தான் தன்னைச் சொல்லிக்கொள்வார். அவர் ஒவ்வொரு மீட்டர் முடியும்போதும் துணியின் ஓரத்தில் சாக்பீஸால் எண் போட்டார். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து. அப்புறம் அரை. முதலாளி எண்களை விரலால் தொட்டு எண்ணினார். நானும் எண்ணினேன்.

சாயங்காலம் போன் வரவில்லை. அதனால்தான் போனேன்.

அக்கா துணியைத் தரையில் நீளமாக விரித்துவிட்டு அதன் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். டேப்பு துணியோடு ஒட்டிக் கிடந்தது. மூன்றே கால். நான் ஓரத்தில் எண்களைத் தேடினேன். ஒன்று இருந்தது. ஒரு மீட்டர் தள்ளி இரண்டு இருந்தது. அதற்கு அப்புறம், முக்கால் மீட்டரில், ஐந்து இருந்தது.

முட்டி போட்டுக்கொண்டு இரண்டுக்கும் ஐந்துக்கும் நடுவில் அங்குலம் அங்குலமாகத் தடவினேன். மூட்டு இல்லை. ஒரு நூல்கூட அறுந்திருக்கவில்லை. அந்தத் துணியில் ஒரு மெல்லிய கோடு நெடுக ஓடும். அது எங்கேயும் உடையாமல் இரண்டைத் தாண்டி ஐந்துக்குப் போனது. தூக்கிப் பிடித்து விளக்குக்கு எதிரே பார்த்தேன். நெசவு அப்படியே இருந்தது. வெட்டிய இடம் என்று ஒன்று இருந்தால்தானே தெரியும்.

நான் துணியைக் கீழே போட்டுவிட்டு நகர்ந்து உட்கார்ந்தேன். அக்கா முகத்தில் பயமே இல்லை. எதையோ மனசுக்குள் கூட்டிப் பார்த்து விடை சரியாக வந்தவள் மாதிரி இருந்தாள்.

"ரெண்டே கால்டா" என்றாள். "முழுக்கை. ரெண்டு பாக்கெட். அவருக்குக் கை நீளமாச்சே, எல்லாருக்கும் ரெண்டு மீட்டர்னா அவருக்கு ரெண்டே கால் வேணும்."

ஒருவர் போர்வைக்கும் இருவர் போர்வைக்கும் நடுவில் இருக்கிற துணி மாமாவின் ஒரு சட்டை. இத்தனை நாளும் அந்தக் கணக்கு என் முன்னாலேயே கிடந்திருக்கிறது. அவள் மட்டும்தான் அதைப் போட்டுப் பார்த்திருக்கிறாள்.

மூன்றாவது தடவை அவள் கடைக்கு வந்தபோது அடித்துணி இருக்கும் அடுக்குப் பக்கமே போகவில்லை. இரண்டு துண்டையும் சேர்த்தாலே இரட்டைப் போர்வைக்கு ஆகிவிடும், ஒவ்வொன்றிலும் ஒரு நீளம் எடுக்கலாம் என்று அவளிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டே சட்டைத் துணி அடுக்கில் நின்று ஒவ்வொன்றாகத் தடவினாள். கருநீலத்தில் சின்னக் கட்டம் போட்டது ஒன்றை எடுத்தாள். போர்வைக்கு அடியில் யாரும் கட்டம் வைக்க மாட்டார்கள், நேராக இல்லாவிட்டால் கண்ணைக் குத்தும். ஐந்தரை என்று சொல்லும்போது இந்தத் தடவை அவளுக்குத் தயக்கமே இல்லை. ஜாண்தான் என் காதருகே வந்து, தம்பி, உங்க அக்கா வீட்ல துணியைச் சாப்பிடற ஆடு ஏதாச்சும் இருக்கா என்று கேட்டார். சிரிக்க முயன்றேன்.

துணியை நானே எடுத்துக்கொண்டு வருகிறேன் என்று அக்காவை அனுப்பிவிட்டேன். சாயங்காலம் துணிப்பையைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தேன். பையைக் கீழே வைக்கவில்லை, கை மாற்றவில்லை, எங்கும் நிற்கவில்லை. என்ன நடந்தாலும் என் கையில்தான் நடக்க வேண்டும் என்று இருந்தேன். மருந்துக்கடையைத் தாண்டி, லாரிகள் திரும்புகிற அகலமான முக்கில் சாலையைக் கடந்தேன். பாதி கடந்தபோது பை லேசானது. துணி விழுந்தது போல் இல்லை. பாரமான பையைத் தூக்கிக்கொண்டு நாம் நடக்கும்போது, கூட வருகிறவர் சொல்லாமல் கொள்ளாமல் பையின் ஒரு காதைப் பிடித்துக்கொள்வாரே, அப்படி லேசானது. நான் பக்கத்தில் திரும்பிப் பார்க்கவில்லை. சாலையைக் கடந்து, எதிர்ப்பக்கச் சுவரில் சாய்ந்து நின்றபின்தான் பைக்குள் கையை விட்டேன். மடிப்புகள் குறைந்திருந்தன.

வீட்டில் அளந்ததும் அக்கா சொன்னாள், "மூணு ஆச்சு. இனிமே தோச்சு மாத்திப் போட்டுக்கலாம்."

யாருக்கென்று நான் கேட்கவில்லை. அவள் பேச்சில் ஊருக்குப் போயிருக்கும் புருஷனைப் பற்றிப் பேசுகிறவளின் அலுப்பு இருந்தது. அதுதான் என்னை உலுக்கியது. மூன்று வருடம் அவள் மாமாவைப் பற்றி வாயைத் திறக்காமல் இருந்தாள். இப்போது பட்டனைத் தனியாக வாங்கி அனுப்ப முடியுமா, அங்கே தைப்பதற்கு யார் இருக்கிறார்கள், காலரை ஒழுங்காக வைப்பார்களா என்றெல்லாம் யோசித்தாள். மூட்டை கட்டுவதை நிறுத்திவிட்டாள். புது அறைக்காரர் சாவியை வாங்கிக்கொள்ளச் சொல்லி இரண்டு தடவை ஆள் அனுப்பினார். போகவில்லை. தைக்க வந்த துணிகள் மெஷின் மேலேயே கிடந்தன. தச்சர் ரம்பத்தோடு வந்து வாசலில் நின்றபோது, கட்டிலில் கை வைக்கக் கூடாது, ஆள் வந்தால் எங்கே படுப்பார் என்று கேட்டாளாம். அவர் என்னைத் தேடிக் கடைக்கே வந்து சொல்லிவிட்டுப் போனார். ஒன்றாம் தேதிக்கு ஆறு நாள் இருந்தது. அந்த அறை கைவிட்டுப் போனால் அவளுக்கும் மெஷினுக்கும் தெருதான். நான் இருப்பது மூன்று பேரோடு ஒரு அறையில்.

நான்காவதாக வெள்ளையில் ஐந்தரை வேண்டுமென்று போனில் சொன்னாள். வெளியே போக வர வெள்ளைதான் நன்றாக இருக்கும் என்றாள்.

அன்று நான் வேண்டுமென்றே மூன்றே கால் கிழித்தேன்.

கத்திரி பிடிக்கிறவன் செய்யவே கூடாத காரியம் அது. கேட்ட அளவைக் குறைத்து வெட்டுகிறவனை அந்தத் தொழிலில் திருடன் என்றுதான் சொல்வார்கள். ஆனால் என் கணக்கு வேறு. மூன்றே கால்தான் கொடுக்கிறேன். யாராவது எடுத்துக்கொண்டால் மிச்சம் ஒரு மீட்டர் இருக்கும். ஒரு மீட்டர் போர்வைக்கும் ஆகாது, எதற்கும் ஆகாது. அவளுக்கே கோபம் வரும். எடுத்துக்கொள்ளாவிட்டால் மூன்றே கால் அப்படியே இருக்கும். அப்போது சொல்லிவிடுவேன், நான் கொடுத்ததே இவ்வளவுதான், யாரும் எதையும் எடுக்கவில்லை, இது ஒருத்தருக்கான போர்வை, தைத்து முடி என்று. எது நடந்தாலும் அவளை அங்கிருந்து கிளப்பிவிடலாம் என்று நினைத்தேன். ஜாண் செய்தது போலவே ஓரத்தில் எண் போட்டேன். ஒன்று, இரண்டு, மூன்று. கையில் சாக்பீஸ் தூளைத் தட்டிவிட்டு, மடித்து, பையில் போட்டேன்.

அதே சாலை, அதே முக்கு. கடக்கும்போது பை கனத்தது. ஒரேயடியாக இல்லை. காதைப் பிடித்திருந்தவர், போய் வருகிறேன் என்று கையை எடுத்தால் பை நம் பக்கம் சாயுமே, அப்படி என் தோள் ஒரு பக்கமாக இறங்கியது. நான் பைக்குள் பார்க்கவில்லை. நடையை மட்டும் கூட்டினேன்.

அக்கா துணியைத் தரையில் விரித்தாள். விரித்துக்கொண்டே போனாள். அறை முடிந்து, கதவைத் தாண்டி, நடைக்குப் போக வேண்டியிருந்தது. நான் சுவரோரமாக நின்று ஓரத்தில் இருந்த எண்களைப் படித்தேன். ஒன்று, இரண்டு, மூன்று என் கையெழுத்து. அதற்கு அப்புறம் நான்கும் ஐந்தும் இருந்தன. நான் நான்கு போட்டால் தலைப்பக்கம் மூடியிருக்கும். இது திறந்திருந்தது. ஐந்து கொஞ்சம் சாய்ந்து, ஓடுகிற வண்டியில் உட்கார்ந்து எழுதியது போல் இருந்தது.

அவள் டேப்பைப் பிடித்து ஒரு தடவை அளந்தாள். திரும்ப வந்து இன்னொரு தடவை அளந்தாள். ஐந்தரை. பிறகு நடையிலேயே, துணியின் முடிவில், கால் நீட்டி உட்கார்ந்துவிட்டாள்.

"அப்ப இத்தனை நாளும் நீதான்டா தப்பா வெட்டியிருக்கே."

நான் அவளைப் பார்த்தேன்.

"முழிச்சுட்டு வெட்டினா சரியா வருதுல்ல? தூங்கிட்டே எண்ணினா ரெண்டுக்கு அப்புறம் அஞ்சுதான் வரும். அந்த ஜாண் உனக்கு மேல. நான் ஒரு பைத்தியக்காரி, உங்க ரெண்டு பேரையும் நம்பி அந்த மனுஷனுக்குக் காலர் வச்சுட்டு இருந்தேன்."

கிண்டலாகத்தான் ஆரம்பித்தாள். கடைசி வார்த்தைக்கு வரும்போது குரல் தட்டையாகிவிட்டது. மூன்று வருடத்தில் முதல் தடவையாக அவளுக்கு வயதாகியிருப்பது தெரிந்தது. அவள் யாரையோ இப்போதுதான், இந்த நடையில், தொலைத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள்.

நான் வெட்டியது மூன்றே கால்தான் அக்கா. நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. சொன்னால் எழுந்துவிடுவாள். அந்த நான்கைத் தடவிப் பார்ப்பாள். தச்சரைத் திருப்பி அனுப்புவாள், சாவியை வாங்க மாட்டாள். யார் வந்து தூக்கி வெளியே போட்டாலும் வாசலிலேயே உட்கார்ந்திருப்பாள். சொல்லாவிட்டால், இது எனக்கு மட்டும்தான் தெரியும். எடுத்துப்போனதை ஒருவர் திருப்பிக் கொடுத்தால் என்ன அர்த்தம்? இனி வேண்டாம் என்றா? இனி தைத்துத் தர வேண்டியதில்லை, நேரில் வருகிறேன் என்றா? நான் யோசித்துக்கொண்டே நின்றேன். அவள் போனை எடுத்துத் தச்சரிடம் பேசினாள். நாளைக்குக் காலையில் வந்து கட்டிலை ஒற்றையாக அறுத்துவிடுங்கள் என்றாள். அறுத்த மிச்ச மரத்தை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள் என்றும் சொன்னாள். அவள் போனை வைத்தபோது நான் வாயைத் திறந்தேன், மூடிக்கொண்டேன். அவ்வளவுதான் என் தைரியம்.

பிறகு அவள் எழுந்து துணியைக் கையில் எடுத்தாள். மூன்றுக்கு அப்புறம் கால் மீட்டர் அளந்து, ஓரத்தில் ஒரு வெட்டு வைத்துக் கிழித்தாள். இந்தத் தடவை கண்ணை மூடவில்லை. மூன்றே காலை மடித்துச் சதுரங்களோடு வைத்தாள். ஒன்பது சதுர வரிசைகளை எண்ணி எடுத்துக்கொண்டு மிச்சத்தைப் பெட்டியில் போட்டாள். முடிவு செய்துவிட்ட தையல்காரியின் கை வேகமாக வேலை செய்தது. எனக்கு அதைப் பார்க்க நிம்மதியாக இருந்தது. அதுவும் பயமாகத்தான் இருந்தது.

நான்கும் ஐந்தும் இருந்த துண்டு தரையில் கிடந்தது.

"வீணா எதுக்குப் போடணும்? உனக்கு ஒரு சட்டைக்கு ஆகும். உருப்படியா ஒண்ணு போட்டுட்டு கடைக்குப் போ. இப்படி வா."

வேண்டாம் என்றேன். ஏற்கனவே இரண்டு இருக்கிறது என்றேன். அவள் காதில் வாங்கவில்லை. நிமிர்ந்து நில், கையை நீட்டு என்றாள். துண்டை உதறி, என் முதுகைச் சுற்றி எடுத்து, இடது தோளில் போட்டாள்.

துணி சூடாக இருந்தது. வெயிலில் காய்ந்த சூடு இல்லை, இஸ்திரிச் சூடு இல்லை. இப்போதுதான் யாரோ உடம்பிலிருந்து கழற்றி நீட்டியது போல, அக்குள் பக்கத்தில் கொஞ்சம் கூடுதலாக, ஈரமாகச் சூடாக இருந்தது.

அக்கா டேப்பின் நுனியை என் தோள் எலும்பில் வைத்து அழுத்தினாள். மறு கையால் டேப்பை மணிக்கட்டுக்குக் கொண்டுபோனாள். அளவை வாய்விட்டுச் சொல்லிவிட்டு எழுதிக்கொள்வது அவள் வழக்கம். சொல்லவில்லை. தோளில் துணியின் மேல் வைத்த உள்ளங்கையை எடுக்கவும் இல்லை. டேப்பு என் விரல் நுனியைத் தாண்டி, இன்னும் கொஞ்சம் நீண்டு, கை நீளமான ஒருவரின் மணிக்கட்டில் வைத்தது போலக் காற்றில் நின்றது.